பல்லிளிக்கும் விளக்கு

மார்ச் 18, செவ்வாய்

கடையில் வாங்கிய சைக்கிள் விளக்கு இன்றும் மழையில் செத்துவிட்டது. பெட்டியின் மேல் ‘எல்லாப் பருவத்துக்கும் உகந்தது’ என்று போட்டிருக்கிறான். எந்த ஊர்ப் பருவமோ. ஹோபார்ட் மழை அந்தக் கணக்கில் வராது போலிருக்கிறது. விடியாத இருட்டில், ஆற்றோரப் பாதையில், பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் எதிரே கலங்கரை விளக்கம் வரவேண்டுமா?

ஆள் யாரென்று தெரியாது. முகத்தைப் பார்த்தால்தானே. தினமும் காலையில் எனக்கு எதிர்த்திசையில் ஒரு பெரிய வெள்ளை வெளிச்சம் வரும். அதற்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கலாம் என்பது என் ஊகம். அவர் கடந்துபோன பிறகு நான் எங்கே இருக்கிறேன், பாதை எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியாது. கண்ணுக்குள் பச்சை பச்சையாக வட்டம் சுற்றும். தினமும் கையை ஆட்டி, “லைட்டைக் கீழே இறக்குடா கழுதை!” என்று கத்துகிறேன். அவரும் தினமும் சளைக்காமல், “வணக்கம், வணக்கம்!” என்கிறார். என்ன தெனாவட்டு!

மார்ச் 19, புதன்

டெஸ்ஸிடம் சொன்னேன், புது விளக்கை நானே செய்யப் போகிறேன் என்று. சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

“நீயா? கோழிக்கூடு செஞ்சியே, கோழியெல்லாம் உள்ளே போகமாட்டோம்னு மழையில நின்னுச்சே, அந்த நீயா?”

“கோழிக்கு ரசனை இல்ல.”

“எதுக்கு ரோ வீண் வேலை? சைக்கிள்காரங்களுக்கு விளக்கே தேவையில்ல. சிக்னல்ல சிவப்பு விளக்கு எரிஞ்சாலே கண்ணுக்குத் தெரியாத சனம்.”

பஸ் ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டால் இதையெல்லாம் கேட்டுத்தான் ஆகவேண்டும். ஆனாலும் ஒன்று. நாளெல்லாம் ஊரார் வாய்க்குப் பல் செய்கிறவள் நான். கடைவாய்ப் பல்லின் பள்ளம் மேட்டை மயிரிழை பிசகாமல் செதுக்குகிற கைக்கு ஒரு விளக்கு வராதா?

மார்ச் 22, சனி

மின்சாமான் கடைக்குப் போய்ப் பட்டாணி அளவில் ஒரு எல்.இ.டி., இரண்டு பேட்டரி, வயர் வாங்கிவந்தேன். கடைக்காரர் மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற ஒரு சின்னத் தகட்டையும் நீட்டினார். “இது இல்லாம நேரா மாட்டிடாதீங்க, தாங்காது” என்றார். விற்கத் தெரிந்த ஆள், எதையாவது தலையில் கட்டத்தான் பார்ப்பார் என்று அதை விட்டுவிட்டு வந்தேன்.

நேராக மாட்டினேன்.

ஒரு கணம் சமையலறை முழுக்கப் பட்டப்பகல். அடுப்புக்குப் பின்னால் நான் துடைக்காமல் விட்ட எண்ணெய்ப் பிசுக்குகூடத் தெரிந்தது. அடுத்த கணம் ‘டப்’. அப்புறம் கருகல் வாடை.

கூடத்திலிருந்து டெஸ், “ரொட்டி தீயுதா?” என்றான்.

“ஆமா.”

“இன்னிக்கு நாம ரொட்டியே போடலையே?”

சைக்கிளை எடுத்தேன். கடைக்குத் திரும்பப் போனேன். கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் அந்தத் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

மார்ச் 23, ஞாயிறு

எரிகிறது! தகட்டோடு மாட்டினேன், எரிகிறது.

கூடு வேண்டுமே. கையிலிருப்பது என்ன, பல்செட்டின் ஈறு வார்க்கிற இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக்தானே. அதிலேயே அழகாக ஒரு கூடு வார்த்தேன். மெருகெல்லாம் போட்டு, குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. எரியவிட்டுத் தேநீர் போடப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் விளக்கு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. சூட்டில் ஈறு இளகிவிட்டது. சாராயம் குடித்தவன் கீழுதடு மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்து…

டெஸ் அதைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். “இது எங்க மாமா ஃப்ராங்க் மாதிரியே இருக்கு” என்றான்.

மார்ச் 26, புதன்

லேப்பில் துயெத்திடம் சரிந்த விளக்கைக் காட்டினேன். துயெத் எங்கள் லேப்பில் பீங்கான் பல் செய்கிறவள், என்னைவிட இருபது வயது இளையவள். பெற்றோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கேதான், ஆனால் வீட்டு வழக்கப்படி மூத்தவளை அக்கா என்று கூப்பிட்டுத்தான் கிண்டலே செய்வாள்.

“அக்கா, இது விளக்கா, வியாதியா?”

“சூடு போக வழியில்லடி.”

“அதுக்கு உலோகம்ல வேணும்? மூலையில அந்தக் கீறல் விட்ட அச்சுப்பெட்டி கிடக்கே, அது என்ன பாவம் பண்ணுச்சு?”

பல்செட்டை அழுத்தி வார்க்கிற பித்தளைப் பெட்டி. கைக்கடக்கமாக, கனமாக. விளக்கின் முதுகை அதில் ஒட்டிவிட்டால் சூட்டையெல்லாம் பித்தளை உறிஞ்சிக்கொள்ளும். ஏன் எனக்குத் தோன்றவில்லை? அவளுக்குத் தோன்றியதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

மார்ச் 29, சனி

முடிந்தது. பித்தளைப் பெட்டி, அதற்குமேல் வட்டமான லென்ஸ் வில்லை, சுற்றிலும் மழை புகாமல் மெழுகு. வீட்டுப் பின்புறம் கொண்டுபோய் எரியவிட்டேன். வேலிக்கு அப்பால், பக்கத்து வீட்டுக்கு அப்பால், அதற்கும் அப்பால் மேட்டு யூகலிப்டஸ் கிளையில் பூனையளவு மரப்பிராணி, போஸம் ஒன்று, திருதிருவென்று முழித்தது. பாவம், திருடன் மாதிரி இரண்டு கையையும் தூக்கிவிட்டது.

டெஸ் கண்ணைப் பொத்திக்கொண்டு, “அணைடி தாயே! பிளேன் இறங்கிடப் போவுது!” என்றான்.

அந்த உற்சாகத்தில் பின்விளக்கும் செய்துவிட்டேன். லேப்பில் யாரும் வந்து வாங்காத மேல்தாடைப் பல்செட் ஒன்று கிடந்தது. அதில் இரண்டு பல் ஏற்கெனவே உதிர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் சிவப்பு எல்.இ.டி. பொருத்தி இருக்கைக்குக் கீழே மாட்டினேன். இருட்டில் பார்த்தால் சைக்கிள் பின்பக்கத்தால் பல்லைக் காட்டிச் சிரிக்கிறது. என்னை முட்டுகிற மாதிரி ஒட்டி வருகிற கார்க்காரர்களுக்கு இதுதான் மரியாதை.

டெஸ்ஸுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறைத்துக்கொண்டான்.

மார்ச் 31, திங்கள்

நடந்தது இதுதான்.

இருட்டில் கிளம்பினேன். பாதையோரம் காட்டுச் சோம்புச் செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்திருக்கும் வளைவில் கலங்கரை விளக்கம் வந்தார். நான் விளக்கை அணைத்தே வைத்திருந்தேன். பக்கத்தில் வரட்டும், வரட்டும் என்று… வந்ததும் பொத்தானை அமுக்கினேன்.

“ஆ!” என்று ஒரு சத்தம். அந்த வெளிச்சம் இடமும் வலமுமாக ஆடிச் சோம்புக் காட்டுக்குள் புகுந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது.

நின்றேன். நிஜமாக நின்றேன். “அடிபட்டுச்சா?” என்று கத்தினேன். புதருக்குள்ளிருந்து, “ஒண்ணுமில்ல! நீ போ, போ!” என்றது குரல். கொஞ்சம் குழறலாக வந்த மாதிரி இருந்தது. போ என்றால் போகத்தானே வேண்டும்? போனேன். சிரித்துக்கொண்டேதான் போனேன். லேப்பில் துயெத்திடம் நடித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் வயிறு வலித்தது.

ஒன்றுக்குப் பூஜ்யம்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்று காலை கலங்கரை விளக்கம் வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மாடியில்தான் பல் டாக்டர் மொய்ரா. அவர் மதியம் இறங்கி வந்து, “ரோவினா, அவசர வேலை. முன்பல் ஒண்ணு பாதியா உடைஞ்சு வந்திருக்கார். இருபத்தஞ்சாம் தேதிக்கு முன்னாடி பல்லு வேணும்” என்றார்.

“அப்படி என்ன தலைபோற அவசரம்?”

“ஆன்சாக் நாள் விடியக்காலையில, போர்ல செத்தவங்களுக்காக, அவர் பேட்டையில பியூகிள் கொம்பு ஊதறவர் அவர்தானாம். முன்பல் இல்லாம உதட்டுல அது நிக்காதாம்.”

“எப்படி உடைஞ்சுது?”

“சைக்கிள்ல போயிருக்கார். எவனோ ஒருத்தன் கார் விளக்கைக் கழட்டி மாட்டிக்கிட்டு எதிர்ல வந்தானாம்.”

துயெத் கையிலிருந்த தூரிகை கீழே விழுந்தது. எனக்கு விழுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 3, வியாழன்

பல்லின் நிறம் பார்க்க அவரையே கீழே அனுப்பிவிட்டார் மொய்ரா. ஐயோ, ஐயோ.

பெயர் லின்டன் ப்ரயர். ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டக்காரர். அறுபதை ஒட்டிய வயது. வட்டமுகம், காற்றில் காய்ந்த கன்னம், காதுவரை இழுத்துவிட்ட கம்பளிக் குல்லா. இத்தனை நாள் நான் திட்டிய முகம் இதுதானா? இன்னும் கொஞ்சம் கொடூரமாக இருந்திருக்கக் கூடாதா?

முன்பல் இல்லாததால் சகரம் வரவில்லை. “தொர்க்கத்துக்கே போயித்தேன்னு நினைத்தேன் அம்மா! அப்படி ஒரு வெளித்தம்!” என்றார். (இனி அவர் பேச்சைச் சகரத்தோடே எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே புரியாது.) நிற அட்டையை உதட்டருகே பிடிப்பதற்குப் பதில் அவர் மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தேன். அவரே என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

துயெத் சும்மா இருப்பாளா?

“ஏன் சார், கீழே விழுந்தவரை அவன் பார்க்கக்கூட இல்லையா?”

“நின்னான். நின்னு ஏதோ கத்தினான். திட்டறான்னு நினைச்சு, போடா போன்னு அனுப்பிட்டேன்.”

“பாவி! ஆளைப் பார்த்தா அடையாளம் தெரியுமா?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “யார்கிட்டயும் சொல்லாதீங்க. டாக்டர்கிட்டகூடச் சொல்லல, மூளை கலங்கிடுச்சும்பாங்க. அவன் போறப்ப பின்னாடி ஒரு பல்லு… சிவப்பா… என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே போச்சு.”

என் சைக்கிள் லேப்புக்குப் பின்வாசலில் நிற்கிறது. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தால் தெரியும். துயெத் எழுந்துபோய்த் தன் மேல்கோட்டை அதன்மேல் போட்டுவிட்டு வந்தாள். “மழை வர்ற மாதிரி இருக்கு” என்றாள். வெளியே சுள்ளென்று வெயில்.

அவருக்கு ஒரு கண்ணில் புரையாம். அறுவைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். அதனால் கார் ஓட்டக் கூடாது என்றுவிட்டார்களாம். இருட்டில் பாதை தெரியத்தான் அந்தப் பெரிய விளக்கு. எனக்கே இது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கிளம்பும்போது சொன்னதுதான் இன்னும் காதில் நிற்கிறது.

“அந்தப் பாதையில எல்லாரும் கெட்டவங்க இல்லீங்க. தினம் ஒரு அம்மா எதிர்ல வரும். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டி ஆட்டி வணக்கம் சொல்லும். முகம்கூடத் தெரியாது. அந்த ஒரு வணக்கத்துல நாள் பூரா எனக்கு நல்லா ஓடிடும். திங்கக்கிழமை அந்த அம்மாவைக் காணோம், இந்தக் கடன்காரன் வந்துட்டான்.”

அவர் போனதும் துயெத் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

ஏப்ரல் 7, திங்கள்

கோடைக்கால நேரம் முடிந்து, கடிகாரத்தை நேற்று ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பி வைத்தாயிற்று. இனிமேல் வீட்டுக்கு வருவதும் இருட்டில்தான். என் விளக்கின்மேல் பாதிக்கு டேப் ஒட்டி, தரையைப் பார்க்க வைத்துத்தான் ஓட்டுகிறேன்.

டெஸ் வந்ததும் வராததுமாக, “இன்னிக்கு என் பஸ்ல ஒரு ஆளு” என்று ஆரம்பித்தான். காலணியைக்கூடக் கழற்றவில்லை. “முன்பல்லு இல்ல. எனக்குப் பின்னாடி சீட்டுல உட்கார்ந்து பஸ்ஸுக்கே கதை சொல்றாரு. சோம்புக் காடாம். சூரியன் மாதிரி வெளிச்சமாம். நடுவுல என்கிட்ட ரகசியமா, சிவப்பாப் பல்லு சிரிச்சுதுன்னு வேற சொன்னாரு.”

“ஓ.”

“ஓ-வா?”

“இந்த ஊர்ல எத்தனையோ பேர் சைக்கிள்ல போறாங்க.”

“அதுல எத்தனை பேரு சைக்கிளுக்குப் பல்லு கட்டியிருக்காங்க?”

முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் மெல்லக் காலணியைக் கழற்றி, நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, “இன்னிக்குப் பாத்திரம் யாரு கழுவற முறை?” என்றான்.

“உன் முறை.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

கழுவினேன். கிராதகன். பஸ்காரன் கையில் துருப்புச் சீட்டு கிடைத்தால் விடுவானா?

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்றும் கழுவினேன். குப்பையும் நானே கொட்டினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஒத்திகைப் பல்லை மொய்ரா பொருத்தி அனுப்பினார். லின்டன் பெட்டியைத் திறந்து பியூகிளை எடுத்து, லேப்பின் நடுவில் நெஞ்சை நிமிர்த்தி நின்று ஊதினார். பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கெட்டில் கொதிக்கிற மாதிரி மெல்லிசாக ஒரு விசில். அலமாரியில் வைத்த பல்செட்டுகள் எல்லாம் சேர்ந்து அவரைப் பார்த்து இளித்தன.

“இப்படி ஊதினா செத்த வீரனெல்லாம் டீ கேட்டு எந்திரிச்சு வந்துடுவான்” என்றார்.

பல்லின் முதுகில் ஒரு பொடியளவு கனம் அதிகம். காற்று அங்கே இடறுகிறது. தேய்த்தேன், பொருத்தினேன், ஊதினார். மறுபடி தேய்த்தேன். மத்தியானம் முழுக்க இதே வேலை. கடைசியில் ஒரு சுரம் வந்தது. ஒரே ஒரு சுரம், நீளமாக, வட்டமாக. துயெத் கிண்டல் செய்ய வாயெடுத்தவள் அப்படியே மூடிக்கொண்டாள்.

“பல்லு வந்துடுச்சுல்ல, இனிமே பழையபடி சைக்கிள்ல போகலாம்” என்றேன்.

“விக்கப் போறேன். பழைய சாமான் கடையில சொல்லிட்டேன்.”

“ஏன்?”

“பயமா இருக்கு.”

அவ்வளவுதான் சொன்னார். பியூகிளைத் துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனார்.

பல்லை உடைத்தால் பல் செய்து கொடுக்கலாம். இதற்கு என்ன செய்து கொடுப்பது?

ஏப்ரல் 13, ஞாயிறு

புதிதாக ஒரு விளக்கு. அவருக்கு.

யோசித்துப் பார்த்தால் சமாசாரம் சின்னதுதான். என்னுடையதும் சரி, அவருடையதும் சரி, வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் வாரி இறைக்கின்றன. அதில் பாதி எதிரில் வருகிறவன் கண்ணுக்கும் மரத்துக்கும் போஸத்துக்கும் போகிறது. பாதைக்கு வருவது கொஞ்சம்தான். ஆகவே வட்ட வில்லைக்குப் பதில் அகலவாக்கில் பரப்புகிற வில்லை. அதற்குமேல் கண்ணிமை மாதிரி ஒரு மூடி. பல்லுக்குக் கம்பி போடுகிற உலோகத் தகட்டையே வளைத்து, உள்பக்கம் கண்ணாடி போல மெருகேற்றினேன். மேலே போகிற வெளிச்சம் அதில் பட்டுக் கீழே திரும்பவேண்டும்.

எதிரில் வருகிறவனுக்கு எப்படித் தெரியும் என்று பார்க்க ஆள் வேண்டுமே? டெஸ்ஸைத் தெருக்கோடியில் சைக்கிள் உயரத்துக்கு முக்காலி போட்டு உட்காரவைத்தேன்.

“கண் கூசுதா?”

“கூசுது!”

மூடியை ஒரு துளி தாழ்த்தினேன். “இப்ப?”

“கூசுது! உன்னைக் கட்டிக்கிட்ட நாள்லேர்ந்தே கூசுது!”

பக்கத்து வீட்டார் ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்கள். மூடியைத் தாழ்த்திக்கொண்டே போனேன். கடைசியில் அவன் முக்காலியிலிருந்து எழுந்து வெளிச்சத்துக்குள் நடந்து வந்தான். முழங்கால்வரை வெளிச்சம், அதற்குமேல் சாதாரண டெஸ். முகம் தெரிந்தது.

“இது நல்லாருக்கு ரோ” என்றான். கிண்டல் இல்லாமல் சொன்னான். பிறகு, “அவர்கிட்ட சொல்லப் போறியா?” என்றான்.

“சொல்லாமலே குடுத்தா என்ன?”

“குடுக்கலாம்.” பாத்திரத்தை இன்று அவனே கழுவினான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

நிஜப் பல் பொருத்தியாயிற்று. கண்ணாடியில் உதட்டை இப்படியும் அப்படியும் இழுத்துப் பார்த்துக்கொண்டு சந்தோஷமாக நின்றார். வாயால் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பின்கதவைத் திறந்து சைக்கிளை உள்ளே தள்ளிவந்து, அவருக்கு முதுகு காட்டி நிறுத்தி, பின்விளக்கைப் போட்டேன்.

பல் சிரித்தது.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து பார்த்தார். பிறகு முன்னால் போய்ப் பித்தளை விளக்கைப் பார்த்தார்.

“நீங்களா?”

“நான்தான்.”

“வேணும்னேவா?”

“விழுவீங்கன்னு நினைக்கல. கண்ணு கூசட்டும்னுதான்… தினமும் உங்க விளக்கு என் கண்ணைப் பறிக்குது. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.”

“எங்கிட்டயா? எப்பச் சொன்னீங்க?”

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். துயெத்கூடக் கண்ணால் வேண்டாம் என்றாள்.

“அந்தக் கை ஆட்டற அம்மாவும் நான்தான் லின்டன். அது வணக்கம் இல்ல. லைட்டைக் கீழே இறக்குடா கழுதைன்னு கத்தினேன்.”

இத்தனை நேரம் சிவந்திருந்த முகம் அப்போதுதான் வாடியது. பல் போனதற்கும் புதரில் விழுந்ததற்கும் வராத ஏதோ ஒன்று வந்தது. குல்லாவைக் காதுக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, சரியாகக் கேட்டோமா என்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

“தினமுமா?” என்றார்.

“தினமும்.”

“நான் தினமும் பதில் வணக்கம் சொன்னேனே.”

போய்விட்டார். விளக்கைக் கொடுக்க வாய்க்கவே இல்லை. துயெத் வந்து பக்கத்தில் நின்றாள். “விடு அக்கா” என்றாள். விடுவதாமே, எப்படி விடுவது? என்ன புத்தி இது எனக்கு? வயதுக்குத் தகுந்த காரியமா செய்தேன்?

ஏப்ரல் 16, புதன்

டெஸ் பஸ்ஸில் வைத்து அவரிடம் விளக்கைக் கொடுத்திருக்கிறான். வாங்கிக்கொண்டாராம். யார் கொடுத்தது என்று கேட்கவில்லையாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். டெஸ்ஸின் அக்கா வீட்டில் ஆட்டுக்கறி. எல்லாரும் அந்தப் பல்விளக்கைப் பார்க்கவேண்டும் என்றார்கள். கழற்றிவிட்டேன் என்று சொன்னேன். கழற்றித்தான் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

விடியுமுன்னே போனோம். நானும் டெஸ்ஸும் வழக்கமாகப் போவது நகர நடுவிலிருக்கும் நினைவுத்தூணுக்கு. இன்று லின்டன் பேட்டைக்குப் போனோம். சின்னக் கூட்டம். பாட்டாளிகள், பள்ளிப் பிள்ளைகள், மெடல் மாட்டிய கிழவர்கள், தூக்கத்தில் சிணுங்குகிற ஒரு கைக்குழந்தை. குளிர் எலும்பைத் தொட்டது.

பெயர்களை வாசித்து முடித்ததும் லின்டன் முன்னால் வந்தார். குல்லா இல்லை. தலைமயிரைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தார். உதட்டில் பியூகிளை வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். டெஸ்ஸின் கையைப் பிடித்துவிட்டேன், நகம் பதிகிற அளவுக்கு. இந்த இருட்டில், இத்தனை பேர் நடுவில், அந்தக் கெட்டில் சத்தம் வந்தால்? அவரால் இனி இந்த ஊரில் தலை நிமிர முடியுமா? என்னால்?

முதல் சுரம் வந்தது. சுத்தமாக வந்தது. அடுத்தது அதற்குமேல் ஏறியது. கடைசிச் சுரத்தை வெட்டி நிறுத்தாமல், தானாக அணையவிட்டார். கைக்குழந்தைகூடச் சத்தம் போடவில்லை.

“உன் பல்லா இது?” என்று டெஸ் காதில் கேட்டான்.

“என் பல்லு. அவர் மூச்சு.”

“அழாதே. மூக்கு உறையும்.”

பிறகு முன்னாள் படைவீரர் சங்கத்துக் கூடத்தில் ரம் ஊற்றிய காப்பியும் பன்றிக்கறி வைத்த ரொட்டியும். மூலையில் ஒதுங்கி நின்றேன். லின்டன் நாலு பேரைத் தாண்டி என்னிடம் வந்தார். கையில் இரண்டு கோப்பை. ஒன்றை என் கையில் கொடுத்தார்.

“பல்லு நல்லா உட்கார்ந்திருக்கு.”

“கேட்டேன்.”

“கோபம் போகல எனக்கு.”

“போகவேண்டாம்.”

“அந்த விளக்கை மாட்டிப் பார்த்தேன். தெருவுல, வீட்டு முன்னாடிதான். புரைக்கண்ணுக்கும் தரை தெரியுது, கல்லு தெரியுது.” காப்பியை உறிஞ்சினார். “சைக்கிளை விக்கலன்னு கடையில சொல்லிட்டேன். ஆனா அந்த வளைவை நினைச்சா காலு வரமாட்டேங்குது. தனியாப் போக முடியல.”

“எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?” என்றேன்.

“நீ வேலைக்குப் போறது எதிர்ப்பக்கமாச்சே.”

“அதைக் கேக்கல. எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க?”

பக்கத்திலிருந்த டெஸ் குறுக்கே விழுந்தான். “போச்சு. இதனால என் பஸ்ல ரெண்டு டிக்கெட்டு குறையும்.”

“ரெண்டா?” என்றார் லின்டன்.

“நீங்க ஒண்ணு. உங்க கதையைக் கேக்கறதுக்குன்னே ஒரு கிழவி ஏறுது, அது ஒண்ணு.”

லின்டன் சிரித்தார். புதுப் பல் எது, பழைய பல் எது என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

வந்தார். அவர் போகிற பக்கமே நானும் கூடப் போனேன். சோம்பு வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தார். நானும் நடந்தேன். அவர் கண் முழுக்கத் தரையில்தான். லேப்புக்குத் தாமதம். துயெத், “என்ன அக்கா, டயர் பஞ்சரா?” என்றாள். ஆமாம் என்றேன்.

மே 2, வெள்ளி

இன்று வளைவில் இறங்கவில்லை. ஆனால் கண்ணை மூடிக்கொண்டாராம். போய்ச் சேர்ந்த பிறகு சொல்கிறார். நல்லவேளை, முன்னாலேயே சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

வாயைத் திறந்தால் மூடுவதில்லை இந்த மனுஷர். பள்ளிக்கூடத்து ரோஜாவில் பூஞ்சை, தலைமையாசிரியருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாதது, அண்ணன் மனைவியின் பூசணி சூப்பு. சவாரி முடிவதற்குள் எனக்குக் காது நிறைந்துவிடுகிறது. இதற்கு அவர் என் கண்ணைக் கூசவைத்ததே தேவலை என்று டெஸ்ஸிடம் சொன்னேன். “அப்ப நாளைக்குப் போகாதே” என்றான். போவேன் என்றேன்.

மே 12, திங்கள்

பாதையெல்லாம் உறைபனி. ஆற்றின்மேல் புகை மாதிரி மூட்டம், கரையோரம் கருப்பு அன்னங்கள் கழுத்தைச் சுருட்டிக்கொண்டு தூங்குகின்றன.

சோம்பு வளைவு வந்தது, போனது. அவர் பூசணி சூப்பைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார், வளைவைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அதற்கு அப்புறம் பாதை லேசாகச் சரிகிற இடம். நான் வழுக்கப் பயந்து பிரேக் பிடித்தேன். அவர் பிடிக்கவில்லை. எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தார்.

“லின்டன், மெதுவா!”

காதில் குல்லா. ஒரு கையைத் தூக்கி ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். அவர் முன்னால் வெளிச்சம் பாய் விரித்த மாதிரி தரையோடு தரையாக ஓடியது. பாலத்துக்கு அடியில் புகுந்தது. அந்தப் பக்கம் வெளியே வந்து, மரங்களுக்குப் பின்னால் திரும்பி, மறைந்துவிட்டது.

ஒரு காலை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வருவார் என்று நினைத்தேன். வரவில்லை.

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன். ரொம்ப நாளைக்குப் பிறகு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.